மெயினை நிறுத்தாத காலை

திண்டிவனத்தில் வெண்ணிலாவின் வீட்டு ஹாலில் இருந்த எல்இடி விளக்கு, போட்டால் சிமிட்டியது. சுவிட்சை அணைத்தாலும் மங்கலாக எரிந்தது. அன்று மாலை மகளைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வருகிறார்கள். எலக்ட்ரீஷியன் செல்வகுமாருக்குக் காலையிலேயே போன் செய்தாள்.

"ஆஃப் பண்ணியும் எரியுதுன்னா ஒயர மாத்திக் குடுத்திருக்காங்கக்கா. கரண்டு எப்பவும் லைட்டுலயே இருக்கும். மெயின ஆஃப் பண்ணாம யாரும் தொடாதீங்க, நாளைக்கு வர்றேன்" என்றான் அவன்.

அதற்குள் மகன் கோகுலகிருஷ்ணன் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஸ்குரூ டிரைவரோடு ஸ்டூலில் ஏறியிருந்தான். வெண்ணிலா பதறி ஓடி அவனை இறக்கினாள். கரண்டோடு என்ன விளையாட்டு என்று திட்டி, பூ வாங்க அனுப்பிவிட்டாள்.

வீட்டு வேலைக்குப் பெருமுக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பாஞ்சாலி வாசல் பெருக்கிவிட்டு உள்ளே வந்தாள். வெண்ணிலா அண்ணாந்து பார்த்தாள். விளக்கின் மூடிக்குள் செத்த பூச்சிகள் கறுப்பாகத் தெரிந்தன. மெயினை நிறுத்தினால் சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றுவிடும், மாவு பாதியில் கிடக்கும்.

"சுவிட்சு ஆஃப்லதான் இருக்குது. மூடியக் கழட்டித் தொடச்சிட்டு, ஒயர் லூசா இருந்தா கொஞ்சம் அமுக்கி வுடு" என்றாள்.

பாஞ்சாலி சற்று நின்றாள். பிறகு ஏறினாள்.

சத்தம் கேட்டு வெண்ணிலா சமையலறையிலிருந்து ஓடி வந்தபோது, பாஞ்சாலி சுவரோரம் சுருண்டு கிடந்தாள். உயிர் தப்பியது. வலது தோள் முறிந்திருந்தது, விரல்கள் கருகியிருந்தன. திண்டிவனத்தில் முதலுதவி செய்து விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். எப்படி ஆனது என்று கேட்ட எல்லாரிடமும், ஒட்டடை அடிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்றே வெண்ணிலா சொன்னாள். பாஞ்சாலி அதை மறுக்கவில்லை.

அடுத்த வாரம் வெண்ணிலா ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாஞ்சாலி இடது கையால் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கரண்டு இருக்குமென்று தனக்குச் சரியாகத் தெரியாமல் போய்விட்டது என்று வெண்ணிலா இழுத்தாள்.

"தம்பிய நீங்க எறக்கி வுட்டத வாசல் பெருக்கிக்கினே பாத்தம்மா" என்றாள் பாஞ்சாலி. குரலில் கோபமில்லை. "அப்பவே தெரியும், அதுல கரண்டு இருக்குதுன்னு. மாட்டேன்னா வேற ஆள வச்சிக்குவீங்களோன்னுதான் ஏறுனேன்."

அந்த நேரம் டாக்டர் வந்தார். கையில் பிடிப்பு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றவர், எப்படி விழுந்தாள் என்று மறுபடியும் கேட்டார்.

"வழுக்கி வுழலைங்க" என்றாள் வெண்ணிலா. "கரண்டு இருக்குதுன்னு தெரிஞ்சும் நான்தான் ஏறச் சொன்னேன். எம்புள்ள தொடக்கூடாதத இவ தொட்டா என்னான்னு நெனச்சிட்டேன். நம்ம புள்ளைக்கு ஆவாத வேலைய இன்னொருத்தர் புள்ளைக்கு வைக்கக் கூடாதுங்க. இத்தன வயசுக்கு அது எனக்குத் தெரியல."

டாக்டர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். வெண்ணிலா தட்டை வாங்கி இட்லியைப் பிட்டு நீட்டினாள். பாஞ்சாலி வேண்டாமென்று தலையசைத்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.