ஏழாவது மேசைக்கு விடை

ஓரகத்தி என்பவள் பொதுவாக வீட்டோடு நின்றுவிடுவாள். எனக்கு வாய்த்தவள் கல்லூரி வரைக்கும் வந்தாள். என் கணவரின் தம்பி மனைவி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். நான் பாடம் நடத்தும் அதே உயிரியல் துறையில், எனக்கு எத்தனையோ வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தாள். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். எங்கள் துறையில் இருந்தது. அதில் எது மழுங்கிய கத்தி என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது.

அவள் கெட்டிக்காரி என்பதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் என் மகள். எங்கள் துறையிலேயே இறுதியாண்டு படிக்கிறாள். பாடத்தில் சந்தேகம் வந்தால், சமையலறையில் நிற்கும் என்னைத் தாண்டிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். "சித்தி!" என்று கூப்பிடும்போது அவள் குரலில் ஒரு துள்ளல் வரும். "அம்மா"வில் அது வராது. மேலே இரண்டு பேரும் சிரிப்பார்கள். கீழே அடுப்பு என் வயிற்றெரிச்சலில்தான் எரிகிறதோ என்று தோன்றும்.

இந்த ஆண்டு துறைத்தலைவர் ஒரு வேலை கொடுத்தார். பட்டம் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு என்னவெல்லாம் வந்திருக்க வேண்டும் என்று இலக்குகள் எழுத வேண்டும். நான் முதல் ஆளாக எழுதினேன்: 'ஒருசெல் உயிரிகளை அறிந்திருப்பார்.' ஓரகத்தி பென்சிலை எடுத்து 'அறிந்திருப்பார்' மேல் ஒரு வட்டம் போட்டாள்.

"அக்கா, அறிஞ்சிருக்காரா இல்லையான்னு நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"பரீட்சை வெச்சுத்தான். இத்தனை வருஷம் வேற எதுக்கு வெச்சேனாம்?"

"அப்போ பரீட்சையில அவங்க என்ன செஞ்சு காட்டணுமோ, அதையே இலக்கா எழுதிடலாமே."

எழுதினாள்: 'கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதுவார்.' துறைத்தலைவருக்கு வாயெல்லாம் பல். என் செய்முறைப் பரீட்சை இந்த இலக்குக்குப் பொருந்துகிறதா என்று இந்த முறை பார்ப்போம், பரீட்சைக்கு மறுநாள் கூட்டத்தில் முடிவு செய்வோம் என்றார். பொருந்தாவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து அவள் பரீட்சை. ஆளுக்கொரு சொட்டுக் குட்டைத் தண்ணீரைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பாளாம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் பரீட்சையே கண்ணால் காண்பதுதானே? ஆய்வகத்தைச் சுற்றி மேசைகள். மேசைக்கொரு நுண்ணோக்கி, அதில் ஏதாவது ஓர் உயிரியைப் பதித்த கண்ணாடிச் சில்லு. சில்லில் பெயர் இருக்காது, எண் மட்டும். பிள்ளைகள் குனிந்து பார்த்து, இன்னது என்று எழுதி, அடையாளங்களையும் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேசை. நான் வேலைக்கு வந்த நாள் முதல் இந்த வரிசை மாறியதில்லை. ஏழாவது மேசை என்றால் பரமேசியம், செருப்பு வடிவ ஒருசெல் உயிரி. அது முதலாண்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். தெரிந்திருந்தால் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பரீட்சையன்று காலையில் சில்லுகளில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நடைபாதையில் என் மகள் அவள் சித்தியின் தோளில் சாய்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். பரீட்சைக்குப் போகிற பெண் பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகக்கூடாதா? அதன் பிறகு எதை எடுத்தேன், எதில் ஒட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. கை வேலை செய்தது. கண் ஜன்னலில் இருந்தது.

மதியம் அதே ஆய்வகத்தில் உட்கார்ந்து தாள்களைத் திருத்தினோம். என் மகளின் தாளை நாங்கள் இருவரும் தொடக்கூடாது என்று துறைத்தலைவர் தனியே எடுத்துக்கொண்டு போனார். பாதிக் கட்டு தாண்டியதும் ஒரு கோணல் எழுத்து வந்தது. பெயரை மறைத்திருந்தாலும் யாரென்று தெரிந்தது. வகுப்பில் எதற்கெடுத்தாலும் கை தூக்குகிறவள், பட்டப்பெயரே 'சந்தேகம்', என் ஓரகத்தியின் செல்லம். ஏழாவது மேசைக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்: 'தெரியவில்லை.'

ஆசை தீர ஒரு பெரிய முட்டை போட்டேன்.

"உன் செல்லப் பிள்ளையோட லட்சணத்தைப் பாரு. மூணு வருஷம் படிச்சும் பரமேசியம் தெரியலையாம்."

ஓரகத்தி தாளை வாங்கிப் பார்த்தாள். "மத்ததெல்லாம் சரியா எழுதியிருக்காளே அக்கா..." என்று இழுத்தாள். பிறகு, "தெரியலைன்னா, எது தெரியலை?" என்றாள்.

நுண்ணோக்கிகளை இன்னும் யாரும் எடுத்து வைக்கவில்லை. எழுந்து போய் ஏழாவதில் குனிந்தாள். திருகைத் திருகினாள். சில்லை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். "அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

போய்ப் பார்த்தேன். வட்டமாக வெள்ளை வெளிச்சம். ஒரு பூச்சியில்லை, ஒரு தூசியில்லை. கழுவித் துடைத்த வெறும் கண்ணாடி.

"நீதான் மாத்தினியா?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சில்லை எடுத்து என் பக்கம் திருப்பினாள். ஒட்டியிருந்த ஏழின் சுழி என் கையெழுத்து. பரமேசியம் பெட்டிக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

திருத்திய தாள்களை மறுபடி புரட்டினேன். அத்தனை பேரும் பரமேசியம். செருப்பு வடிவம், சுற்றிலும் குறு இழைகள், பெரிய உட்கரு ஒன்று, சிறிய உட்கரு ஒன்று. சிலர் படமே போட்டிருந்தார்கள். ஒருவன் அது விரைவாக நீந்துவதாக வேறு எழுதியிருந்தான். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தேன். இல்லாத செருப்பை ஒரு வகுப்பே மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறது. காலில் ஒன்றுமில்லை என்று சொன்ன ஒருத்திக்கு மட்டும் முட்டை.

"அந்த முட்டையை மட்டும் மாத்திடுங்க அக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீடு வரும் வழியெல்லாம் ஒரே ஒரு நம்பிக்கை. என் மகள் பார்த்திருப்பாள். 'தெரியவில்லை' என்று எழுதியிருப்பாள். அது ஒன்று போதும், நாளைக் கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார. வகுப்பு எப்படியோ போகட்டும், என் வயிற்றில் பிறந்தது கண்ணால் கண்டதை எழுதும் என்று காட்டிவிடலாம்.

அவள் மாடிப்படியில் காலை வைத்திருந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏழாவது மேசைக்கு என்ன எழுதினே?"

"பரமேசியம்."

"நுண்ணோக்கியில பார்த்தியா?"

"பார்த்தேனே. ஒண்ணும் தெரியலை. ரெண்டு மூணு தடவை நகர்த்திக்கூடப் பார்த்தேன்."

"அப்புறம் எதுக்குடி அப்படி எழுதினே?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "உன் பரீட்சை இல்லையாம்மா? உனக்கு என்ன எழுதினா பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியலைன்னு எழுதினா நீ முட்டைதானே போடுவே."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "சித்தி பரீட்சையா இருந்தா?"

"தெரியலைன்னுதான் எழுதியிருப்பேன்," என்றாள் யோசிக்காமல். "சித்திகிட்ட சொல்லலாம்மா."

பிடித்த கையை விட்டுவிட்டேன். அவளை முந்திக்கொண்டு படியேறினேன். அந்த மாடிக்கு நானாக ஏறி எத்தனை காலம் ஆயிற்றோ. ஓரகத்தி கதவைத் திறந்தாள்.

"நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிடறேன்."

"என்னன்னு அக்கா?"

"என் பரீட்சை வேண்டாம்னு. பெத்த பொண்ணே கண்ணால பார்த்ததை என்கிட்ட சொல்லப் பயப்படறான்னு."

"நான் ஜெயிச்சுட்டேன்" என்று அவள் முகத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதற்கும் எனக்கு எரிந்தது. "உட்காருங்க அக்கா," என்று ஜன்னலோரத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நாற்காலியின் முதுகில் என் மகளின் ஆய்வக வெள்ளைக் கோட்டு தொங்கியது. காணோம் காணோம் என்று நான் வீடெல்லாம் தேடிய கோட்டு. மேல் பொத்தான் நான் தைத்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.