இடப்பக்கத்துக் கள்ளன்

"நடுவுல வேணாம். இடப்பக்கம் இறக்குங்க" என்று மரியபுஷ்பம் சொன்னதும், கணவரின் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் கோயில் வளைவுக்குள்ளேயே நின்றுவிட்டார்கள்.

வளைவைத் தாண்டினால் கட்டிவைத்த கல்வாரி மலை. இயேசுவும் இரு கள்வரும் சிலுவையில் தொங்குவார்கள். இயேசுவுக்கு நேரே பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்து, ஊரார் கடைசியாக முகம் பார்த்த பிறகுதான் கல்லறைக்குக் கொண்டுபோவது வழக்கம். இடப்பக்கம் மதிலை ஒட்டி ஒரே முள். யாரும் அங்கே போவதில்லை. காலையிலேயே ஆள்விட்டு அதை வெட்டிவைத்திருந்தாள்.

ஊர் என்ன பேசும் என்று கொழுந்தன் சூசைராஜ் முணுமுணுத்தான்.

"பொண்டாட்டி நான் சொல்றேன். இறக்குங்க."

மலையே அவள் கணவர் இஞ்ஞாசி கொடுத்ததுதான். உபயம் என்று அவர் பெயர் பொறித்த பளிங்குக்கல் அடியில் இருக்கிறது. வேறு சாதிப் பையனை விரும்பிய மகள் பிரின்சியை அறையில் பூட்டிவைத்தார். அவள் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்த பிறகும் அவர் மனம் இறங்கவில்லை. சாமியார் சம்மதித்தும், மதிலுக்குள் இருக்கும் கல்லறையில் அவளுக்கு இடமில்லை என்றார் ஊர்த்தலைவர் இஞ்ஞாசி. வெளியே வாய்க்கால் கரையில் புதைத்தார்கள். பெற்ற வயிறு அன்று பற்றியது, அணையவே இல்லை.

மறுவருடம் கும்பகோணத்துச் சிற்பி சிங்காரவேலு வந்து மலைக்குச் சுதைச் சிலைகள் செய்தார். சோறு கொண்டுபோன மரியபுஷ்பத்திடம், இடப்பக்கத்து மனந்திரும்பாத கள்ளனுக்கு எந்த முகம் வைக்கலாம் என்று கேட்டார். அவள் ஒரு போட்டோவைக் கொடுத்தாள். அவர் போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போட்டோவை மடியில் செருகிக்கொண்டார். அந்தக் கள்ளன் இயேசுவுக்கு முகம் கொடுக்காமல் மதில் பக்கம் திரும்பியிருப்பான். மகளைப் புதைத்த மேடு கண்ணில் படும் என்று இஞ்ஞாசி கடைசிவரை அந்தப் பக்கம் போனதில்லை.

மூடி திறந்தது. குனிந்து ஜெபித்த உபதேசியார் நிமிர்ந்தபோது அவர் கண் மேலே போயிற்று. மறுபடி பெட்டிக்குள் பார்த்தார். அதே வளைந்த மூக்கு, புருவத்தில் அதே மரு. பின்னால் நின்றவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜெபம் பாதியில் நின்றது.

சூசைராஜ் தோள்துண்டை உருவிக்கொண்டு மலைமேல் ஏறப்போனான்.

"மூடாதீங்க தம்பி. அவரு குடுத்த சிலைதான். ஊரு பாக்கட்டும்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

பெட்டி கல்லறைக்குப் போயிற்று. அவள் பின்னால் போகவில்லை. வளைவு வழியே வெளியே வந்து, மதிலைச் சுற்றிப் போய் மகளின் மேட்டருகே உட்கார்ந்தாள். மதிலுக்கு மேலே கள்ளனின் முகம் தெரிந்தது. இத்தனை வருடமும் அது இந்த மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே பெட்டிமேல் மண் விழும் சத்தம் கேட்டது. மேட்டில் முளைத்திருந்த கோரையை அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.