சுண்ணாம்புக் கோடு

"அண்ணி, கோடு போட்டதா, போடாததா? சீக்கிரம் சொல்லுங்க, வண்டி நிக்குது!"

கொல்லைப்புறத்திலிருந்து கொழுந்தன் திருநாவுக்கரசு மூன்றாம் முறையாகக் கத்தினான். கூடத்தில் புருஷன் அய்யாக்கண்ணுவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமிக்கு அழுகை பாதியில் நின்று எரிச்சல் மூண்டது. செத்தும் இந்த மனுஷன் விறகை விட்டபாடில்லையே!

சீனப் பெருநாள் நேரம். ஜார்ஜ் டவுனில் சீனர்கள் நடத்தும் அத்தனை விறகுக் கடையும் பலகை போட்டு அடைத்துக் கிடந்தது. தெரிந்த கடைக்காரர் ஒருவரின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டினார்கள். நல்ல நாளும் அதுவுமாய்ச் சாவுக்கு விறகா என்று உள்ளிருந்தபடியே அனுப்பிவிட்டார். விடியற்காலையில் போன உயிர். இந்த வெக்கையில் சாயங்காலத்துக்கு மேல் உடம்பு தாங்காது. இருப்பதெல்லாம் கொல்லையில் அய்யாக்கண்ணு அடுக்கி வைத்த கட்டைகள்தான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அய்யாக்கண்ணு, கரையில் ஒதுங்கிய கட்டை எதையும் விட்டுவிட்டு வந்ததில்லை. என்ன மரமென்று அவருக்கும் தெரியாது. ஒரு சில்லு செதுக்கி மோந்து பார்ப்பார், கொளுத்திப் பார்ப்பார், அந்தப் புகையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு நாள் கழித்துச் சில கட்டைகளில் மட்டும் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பார். எதற்கு என்று கேட்டால், "ஒனக்கெதுக்கு?" என்பார். பத்தொன்பது வருஷமாக இதே பதில்.

தனலெட்சுமி எழுந்து கொல்லைக்குப் போனாள். மாட்டு வண்டியோடு வந்திருந்த பக்கத்து வீட்டு ஷேக் அலாவுதீன் கட்டைகளைத் தொடாமல் தள்ளி நின்றார்.

"அவசரப்படாதீங்க தம்பி. இதுல ரெங்காஸ் மரம் ஒன்னு கலந்திருந்தாப் போதும்லா. புகை பட்ட எடமெல்லாம் கொப்புளிச்சிடும். சுடுகாட்டுக்கு வர்ற அம்புட்டுச் சனமும் கண்ணு வீங்கிப் படுத்துரும்."

"அதுக்கு அண்ணன் எந்திரிச்சு வந்து சொல்லுவாரா, பாய்? நல்ல கட்டைன்னுதான் கோடு போட்டிருப்பாரு." கோடு போட்ட கட்டையாகப் பார்த்து நாலைந்தை அவன் ஏற்கெனவே வண்டியில் போட்டிருந்தான். இன்னொன்று அவன் கைகளில் இருந்தது.

"நிறுத்துங்க தம்பி!" என்றாள் தனலெட்சுமி. "நல்லதுக்குக் கோடு போடுற ஆளா ஒங்கண்ணன்? இத்தனை வருஷத்துல எங்கொழம்பு நல்லாருக்குன்னு ஒரு நாளு வாயத் தொறந்திருக்காரா? உப்பு ஒரு கல்லு கொறஞ்சா மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். கொறை இருந்தாத்தான் அவருக்குச் சொல்ல வரும். கோடு போட்டதையெல்லாம் எறக்குங்க."

"தப்பாப் போச்சுன்னா, அண்ணி?"

"தப்பாப் போனா வந்து என்னை ஏசட்டும். ஏசத்தான் ஆளில்லையே!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அலாவுதீன் திரும்பிக்கொண்டு, கோடில்லாத கட்டைகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினார்.

மறுநாள் காலை, பால் தெளிக்கப் போகும் வழியில் திருநாவுக்கரசு வந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கையும் சிவந்து கொப்புளித்திருந்தன.

"புகை யாரையும் ஒன்னும் பண்ணல அண்ணி. கோடு போட்டதை ஏத்தி எறக்குனேன்ல, அதுக்கே இந்தக் கதி."

அய்யாக்கண்ணு கையில் தடவிக்கொள்ளும் தேங்காய் எண்ணெய்ச் சீசாவை அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டுப் போனா என்னவாம்?" என்றாள். அவன் எண்ணெயைத் தடவிக்கொண்டு, பால் செம்பை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டில் ஆளரவம் அடங்கியதும் தனலெட்சுமி அடுப்படிக்குள் போனாள். அடுப்பு ஆறிக் கிடந்தது. அதன் பக்கத்தில், முந்தாநாள் அவர் பிளந்து வைத்த விறகு அப்படியே இருந்தது. கீழே உட்கார்ந்து ஒரு விறகை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். அடியில் கிடந்த கடைசிச் சிராய் வரைக்கும் பார்த்துவிட்டாள்.

எதிலும் கோடு இல்லை.

தடித்ததை அடியிலும் மெல்லியதை மேலுமாக, அவர் வைக்கிற மாதிரியே திரும்ப அடுக்கத் தொடங்கினாள்.