சனிக்கிழமை வாய் திறக்காதவர்

திங்கள் முதல் வெள்ளி வரை கோச் ஹால்வர் ரூட் பயிற்சியில் கத்துகிற சத்தம் நிடரோஸ் கல்லூரி மைதானத்தைத் தாண்டி, சோளக்காட்டையும் தாண்டி, தானியக் கிடங்கில் லாரிக்குக் காத்திருப்பவர்கள் காது வரைக்கும் போகும். சனிக்கிழமை, ஆட்டத்தன்று, மனிதர் வாயே திறக்க மாட்டார். கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு, பிரசங்கம் எப்போது முடியும் என்று காத்திருக்கும் ஆள் மாதிரி மைதானத்தின் ஓரத்தில் நிற்பார்.

மற்ற ஊர்களில் அப்படியில்லை. தலைக்கவசமும் தோள்காப்பும் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளும் இந்த அமெரிக்க ஃபுட்பாலில், ஒவ்வொரு முறை பந்து நகர்வதற்கு முன்னாலும் எந்த ப்ளே, எந்த உத்தி என்று கோச்தான் வெளியிலிருந்து சொல்லுவார். காதில் கருவி, கையில் படம் போட்ட அட்டை, பக்கத்தில் சைகை காட்ட நாலு பேர். உள்ளே நிற்கிற பையன்கள் பல் தேய்க்கலாமா என்று அம்மாவைப் பார்ப்பதுபோல ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹால்வரின் பையன்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வட்டமாகத் தலைகளைக் கூட்டி அவர்களே பேசி, அவர்களே முடிவெடுத்து, அவர்களே ஓடுவார்கள். ஆட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்கும் டைம்அவுட்டைக்கூட அவர்களேதான் கேட்டுக்கொள்வார்கள்.

இது பிறவியிலேயே வந்த ஞானமில்லை. வாலிபத்தில் வடக்கே இரும்புச் சுரங்க ஊர் ஒன்றில் பள்ளிக்கூட கோச்சாக இருந்தபோது, ஹால்வரும் எல்லாவற்றையும் தானே சொல்லுகிற ஆள்தான். ஒருநாள் டேல் கொஸ்கி என்ற பையனைப் பந்தோடு வலது பக்கம் ஓடச் சொன்னார். அவன் முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. உள்ளே நின்ற அத்தனை பையன்களுக்கும் அது தெரியும். வெளியே நின்ற இவருக்குத் தெரியாது. அவன் ஓடினான். அந்தக் காலோடு அவன் ஆட்டம் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் இவர் கேட்டார்: "கால் சரியில்லன்னு ஏம்ப்பா சொல்லல?"

"நீங்க சொன்னீங்களே கோச், அதான் போனேன்" என்றான் டேல். கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் ஹால்வர் என்றைக்கோ மறந்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் கைகள் கோட்டுப் பைக்குள் போயின. நிடரோஸுக்கு வந்து, தலை நரைத்து, பயிற்சி எடுத்த பையன்களின் பிள்ளைகளே அணியில் சேரும் காலம் வரைக்கும் அவை வெளியே வரவில்லை. லீக் கோப்பையை வென்ற வருஷங்களும் உண்டு, வரிசையாகத் தோற்றுத் தெருவில் தலைகுனிந்து நடந்த வருஷங்களும் உண்டு. யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வாரம் பூரா நான் சொல்லித் தர்றேன். சனிக்கிழமை உள்ள நிக்கிறவன் பாத்துக்கட்டும். வெளிய நிக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

இந்த வருஷம் அதற்குத்தான் வினை வந்தது. டெக்சஸிலிருந்து கல்லூரியின் விளையாட்டுத் துறைக்குப் புது இயக்குநராக பிரைஸ் கால்டர் வந்திருந்தார். பல்வரிசை நன்றாக இருந்தது. மினசோட்டாக் குளிரில் மெல்லிய கோட்டோடு நடந்து ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு மூட்டுவார். ஹால்வரின் முறை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"கார அவங்க கையில குடுத்துட்டு நீங்க பின் சீட்ல தூங்குறீங்க, ஹால்வர்" என்றார். "கிரேன் ஃபால்ஸ்ஸ ஜெயிங்க. அப்புறம் ஒப்பந்தம் பத்திப் பேசலாம். தோத்தா, புது வருஷத்துக்குப் புது ஆள்."

கிரேன் ஃபால்ஸ் பக்கத்து ஊர்க் கல்லூரி, பரம்பரைப் பங்காளி. இரண்டு ஊர்களும் வருஷா வருஷம் அடித்துக்கொள்வது ஒரு லெஃப்ஸாக் கட்டைக்காக. உருளைக்கிழங்கு ரொட்டி தேய்க்கும் சாதாரண மரக்கட்டைதான். ஆனால் அது கிரேன் ஃபால்ஸில் இருக்கிற வருஷம் நிடரோஸ்காரர்களுக்குக் காபி இறங்காது.

ஹால்வருக்குப் பணத்தாசை இல்லை, பேராசையும் இல்லை. கோச்சாகவே இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. திங்கட்கிழமை கத்துவதற்கு ஒரு மைதானம் இல்லாத வாழ்க்கையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மனைவி மார்லிஸாலும் முடியவில்லை.

"உன்ன வீட்ல வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் ஆட்டத்தன்று காலையில், அவர் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டபடி. "சமையல் ரூம்ல வந்து நின்னு என்னையும் கத்துவ. ஜெயிச்சுட்டு வா."

"அது என் கையிலயா இருக்கு?"

"உன் கை எங்க இருக்கும்னு ஊருக்கே தெரியும்" என்று பைகளைத் தட்டினாள்.

ஆட்டத்தின் கடைசி நிமிஷம். பொடிப்பனி விழுந்துகொண்டிருந்தது. நிடரோஸ் நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. காலால் உதைத்து எடுக்கக்கூடிய மூன்று புள்ளி எதற்கும் உதவாது. பந்தோடு கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். கோடு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. கடிகாரத்தில் இன்னும் ஒரே ஒரு முறை பந்தெடுக்கத்தான் நேரம்.

பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன் செங் வூ. லாவோஸிலிருந்து வந்து செயின்ட் பால் நகரத்தில் குடியேறிய ஹ்மாங் குடும்பத்துப் பையன். ஒல்லி, அதிகம் பேச மாட்டான், கண் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. அவன் நண்பர்களின் தலைகளைக் கூட்டி ஏதோ சொன்னான். எல்லோரும் கைதட்டிக் கலைந்து வரிசையில் போய்க் குனிந்தார்கள்.

அப்போதுதான் ஹால்வர் பார்த்தார். கிரேன் ஃபால்ஸ் பையன்கள் அத்தனை பேரும் நடுவில் வந்து அப்பிக்கொண்டு நின்றார்கள். இடது ஓரம் காலியாகக் கிடந்தது. இதற்கென்றே நிடரோஸ் பையன்களிடம் ஓர் உத்தி உண்டு, பெயர் 'பின்கதவு'. பந்தை நடுவில் ஓடுகிறவனுக்குக் கொடுப்பதுபோலப் பாவனை காட்டிவிட்டு, செங் தானே அதை வைத்துக்கொண்டு ஓரமாக ஓட வேண்டும். இவனுக்கு இது தெரிந்ததா? வாரம் முழுக்கப் பயிற்சியில் நடுவிலேயே போய் முட்டிக்கொண்டிருந்தவனாயிற்றே. இப்போதும் முட்டப் போகிறானே! மைதானம் போய்விடும், திங்கட்கிழமை போய்விடும், எல்லாம் போய்விடும்.

கை வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற நடுவரின் முன்னால் அதை நீட்டி டைம்அவுட் கேட்டார். விசில் ஒலித்தது.

பனியில், எதிர்ப்பக்கக் கட்டைப் பெஞ்சுகளில் போர்வைக்குள் முடங்கியிருந்த ஊர்ச்சனத்துக்கு அது தெரியவில்லை. பையன்கள் கேட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்கள். பத்தடி தள்ளி நின்ற பிரைஸ் கால்டருக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பையன்கள் ஓரத்துக்கு வந்து தண்ணீரை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பின்கதவு போடு" என்றார் ஹால்வர். சனிக்கிழமையில் அவர் குரலைக் கேட்பது அவருக்கே புதிதாக இருந்தது.

நடுவில் குனிந்து பந்தைக் கொடுக்கும் தடியன் பெக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். செங் அவன் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினான்.

"சரி கோச்" என்றான்.

டைம்அவுட் என்றால் இரண்டு பக்கத்துக்கும்தான் டைம்அவுட். கிரேன் ஃபால்ஸ் கோச்சுக்கும் கண் இருந்தது. ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது இடது ஓரத்தில் அவர்களுடைய வேகமான பையன் ஒருவன் வந்து நின்றிருந்தான். செங் பந்தை வாங்கினான், பாவனை காட்டினான், ஓரமாக ஓடினான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அவனைக் கவ்விச் சாய்த்தார்கள். கிரேன் ஃபால்ஸ்காரர்கள் லெஃப்ஸாக் கட்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினார்கள்.

உடைமாற்றும் அறையில் பெக் அழுதுகொண்டே உளறிவிட்டான். "நாங்க மொதல்லயே பின்கதவுதான் போட்டிருந்தோம் கோச். செங் பாத்துட்டான். ஓரம் காலியா இருந்துச்சு. நீங்க நிறுத்தாம இருந்திருந்தா நடந்தே போயிருப்பான்."

"வாய மூடுடா" என்றான் செங், காலுறையைக் கழற்றியபடி.

ஹால்வர் அவன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். "ரெண்டாவது தடவ, ஓரத்துல ஆள் நின்னத பாத்தியா?"

"பாத்தேன்."

"நடுவுல காலியாச்சே. மாத்தியிருக்கலாமே. நீ எப்பவும் கடைசி நேரத்துல மாத்துவியே."

செங் அவரை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க சொன்னீங்களே கோச், அதான் போனேன்."

ஹால்வர் எழுந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் எந்த வார்த்தைக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தாரோ, அதே வார்த்தை. மனதுக்குள் தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்த சாயங்காலம் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஜெயித்தாலும் தோற்றாலும் கோச் அங்கே எழுந்து நின்று ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும், ஊர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். படியிறங்கும்போது பிரைஸ் அவர் தோளில் கைபோட்டார்.

"நான் பாத்தேன், ஹால்வர். கை வெளிய வந்துச்சு. தோத்தது கெடக்குது, விடுங்க. இதத்தான் நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அடுத்த வருஷம் எல்லா ப்ளேயும் நீங்களே சொல்லுங்க. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க."

ஹால்வர் படியிலேயே நின்றுவிட்டார். "தோத்ததுக்கா?"

"மாறினதுக்கு. ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு அந்தக் கடைசி ப்ளேய யார் சொன்னதுன்னு பேச்செடுக்காதீங்க. பையன் சொன்னதாவே இருக்கட்டும். அப்பதான் ஊரே மாத்தம் வேணும்னு கேக்கும்."

திங்கட்கிழமை. அந்த வார்த்தை ஹால்வரின் நெஞ்சில் தித்திப்பாகவே இறங்கியது, அதை மறைப்பானேன்?

கீழே நீள மேசையில் லூட்டஃபிஸ்க் மீன் கூழாகிக் கிடந்தது. பக்கத்தில் செங்கின் அம்மா பொரித்து எடுத்து வந்த ரோல்கள் இருந்த தட்டு ஏற்கெனவே காலி. செங் அப்பா அம்மா நடுவில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். ஹால்வர் எழுந்து நின்றதும், இரும்புக்கடை ஆர்விட் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தார்.

"அந்தக் கடைசி ப்ளே..." என்று இழுத்தார். "கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு."

இந்த ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. வித்தியாசமாக இருந்தது என்று சொன்னால், அதற்குமேல் ஒரு வசவு கிடையாது. மேசைகள் எல்லாம் செங் பக்கம் திரும்பின. அவன் அம்மா கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

செங் எழுந்தான். "பின்கதவு நான் போட்டதுதான். என் தப்பு" என்றான்.

பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டே ஹால்வர் தப்பித்திருக்கலாம். சுவரோரம் நின்ற பிரைஸ் மெல்லத் தலையாட்டினார். மார்லிஸ் காபிப் பாத்திரத்தின் பக்கத்திலிருந்து கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருப்பா செங்" என்றார் ஹால்வர். "அவன் பின்கதவு போட்டான், உண்மைதான். சரியான நேரத்துல போட்டான். ஓரம் தெறந்து கெடந்துச்சு. நான்தான் பயந்துபோய் டைம்அவுட் கேட்டேன். அவன் ஏற்கெனவே போட்டத நானும் ஒரு தடவ சொல்லி, எதிராளிக்கு நேரம் குடுத்துக் கெடுத்தேன். கட்டைய தூக்கிக் குடுத்தது நான். வேலை போயிடும்னு பயம். வேற ஒண்ணுமில்ல."

காபிப் பாத்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"பிரைஸ்" என்றார் ஹால்வர், குரலை உயர்த்தாமல். "திங்கட்கிழமை நான் வரல. புதுசா வர்ற ஆள்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இந்தப் பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆட்டம் இருக்கு. சனிக்கிழமை அவன் கண்ண நம்பச் சொல்லுங்க."

உட்கார்ந்தார். ஆர்விட் முள்கரண்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "மோசமில்ல" என்றார். இந்த ஊரில் அதற்குமேல் ஒரு பாராட்டும் கிடையாது.

வெளியே வண்டியருகே செங் ஓடி வந்து பிடித்தான். மேல்கோட்டு போடாமலேயே வந்திருந்தான்.

"ஏன் கோச் சொன்னீங்க? நான்தான் ஏத்துக்கிட்டேனே. ஊருல யாருக்கும் தெரியாதே."

"எனக்கும் உனக்கும் தெரியுமே. நெசமாச் சொல்லு. நடுவுல காலின்னு தெரிஞ்சும் ஏன் ஓரமாப் போன? எம்மேல கோவமா?"

"கோவமா?" செங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண் கலங்கியது. "நீங்க சொன்னா எனக்கு என் கண்ணு தெரியாது கோச். உங்க வார்த்தைதான் தெரியும். அதனாலதான் நீங்க சொல்லக் கூடாது."

ஹால்வர் பையனின் பிடரியைப் பிடித்து ஒருமுறை தன் தோளோடு சாய்த்துக்கொண்டார். பிறகு தன் கோட்டைக் கழற்றி அவன் மேல் போட்டார்.

"உள்ள போ. அம்மா தேடுவாங்க."

செங் தேவாலயத்தின் கதவை நோக்கி நடந்தான். கோட்டு அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. பாதி வழியில் குளிர் தாங்காமல் கைகள் இரண்டையும் அதன் பைகளுக்குள் விட்டுக்கொண்டான். மார்லிஸ் வண்டியைக் கிளப்பும் வரைக்கும் ஹால்வர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.