வெந்த ஆள், வேகாத மீன்

1

இந்தக் கதை பேனிலிருந்து பிறந்தது. மீனிலிருந்து பிறந்ததாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரிகூடத் தயார்:

"வடகிழக்குத் தாய்லாந்தின் சீ ஆற்றில் வெள்ளம் வடிகிற மாதத்தில், விரல்நீள மீன்கள் வெள்ளியாய்…"

(வேண்டாம். பளபளப்பை மட்டும் சொன்னால் புழுவை மறைத்ததாகும். சதைக்குள் சுருண்டிருக்கும் அதன் குஞ்சு ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாது. நான் வேறு எதற்கு உதவ வேண்டும்?)

2

கம்சிங் என்னோடு வளர்ந்தவன். வயல்நீரில் வலைவீசி, வரப்பிலேயே பொடிமீனைக் கொத்தி, எலுமிச்சை, மிளகாய், வறுத்த அரிசிப்பொடி, ஒரு கை முசுறு எறும்பு சேர்த்துப் பிசைவோம். அதுதான் கோய். ஐம்பது வருடமாகியும் அந்தப் புளிப்பு என் கடைவாயை விட்டுப் போகவில்லை.

"அடுப்பே பாக்காத மீனுடா. புழு இருக்காம். சுகாதாரக்காரங்க படம் போட்டுக் காமிச்சாங்க" என்றான் கம்சிங் ஒருநாள்.

"எலுமிச்சை பட்டதும் வெளுத்துச்சில்ல? வெந்துடுச்சுன்னு அர்த்தம். மிச்சப் புழுவ முசுறு கடிச்சே கொன்னுடும். தப்பினது சாராயத்துல மயங்கி, காலையில பாடிக்கிட்டே வெளிய வரும்."

"என்ன பாட்டு?"

"உங்க அம்மா முன்னாடி பாட முடியாத பாட்டு."

"சரிதான், வெந்த ஆள் சொன்னாத் தப்பாது" என்று வாயில் போட்டுக்கொண்டான்.

3

(இங்கே ஒரு குறிப்பு அவசியம். மழைக்காலம் மூன்று மாதம் பிக்குவாக இருந்து திரும்பியவன் எங்கள் ஊரில் 'வெந்த ஆள்'. போகாதவன் 'பச்சை ஆள்'. கம்சிங் பச்சை. நான் வெந்தவன் என்பது ஊரறிந்த விஷயம்.

ஊரறியாதது: அந்த மூன்று மாதமும் நான் உடோன் நகரத்து மரமில்லில் பலகை சுமந்தேன். பேன் தாங்காமல் தலையை மழித்தேன். பேன்கள் புருவத்துக்குக் குடிபெயர்ந்தன. அதையும் மழித்தேன். எங்கள் பக்கத்துப் பிக்குகளும் தலையோடு புருவத்தையும் மழிப்பவர்கள். பேருந்தைவிட்டு இறங்கியதும் கம்சிங்கின் அம்மா கைகூப்பிக் கும்பிட்டாள். இல்லை என்று சொல்ல வாய்திறந்தேன். சோற்றுருண்டையை வைத்துவிட்டாள்.)

4

கம்சிங்குக்கு இரண்டு முறை மாத்திரை கொடுத்துப் புழுவைக் கொன்றார்கள். இரண்டு முறையும் புதிதாகத் தின்று சேர்த்துக்கொண்டான். போன வாரம் வயிற்றைப் படமெடுத்த நர்ஸ் சொன்னாள்:

"கல்லீரல் இதுவரைக்கும் தப்பிச்சிருக்கு, தாத்தா. இனிமேலும் பச்சை மீன் தின்னீங்கன்னா, கண்ணு மஞ்சளாகி உங்க அண்ணன் போன வழிதான்."

"எலுமிச்சை போட்டா வெந்துடும், தாயீ. என் கூட்டாளி சொன்னான். அவன் வெந்த ஆளு."

பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

முடிவு அ: மீனைக் களவாக அவித்து, பச்சை என்று கொடுக்கிறேன். (அவன் நாக்கு என் நாக்கு மாதிரி இல்லை, நேர்மையானது. கண்டுபிடித்துவிடும்.)

முடிவு ஆ: அவன் வலையை முதலை விழுங்கிவிட்டது என்கிறேன். (நம்புவான். நாளைக்கு வேறு வலை…)

5

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தோடு வந்துவிட்டான்.

"வெளுத்துடுச்சு பாரு. வெந்துடுச்சாடா?"

"இல்லடா. வேகல. எலுமிச்சைக்கு எதுவும் வேகாது."

"அட, கதை விடாத!" சிரிக்கிறான். ஐம்பது வருடத்தில் நான் சொன்ன முதல் உண்மை; அதைத்தான் கதை என்கிறான்.

"கம்சிங், அந்தப் பேன் இருக்கே, பேன்…"

"மீன்ல ஏதுடா பேன்?"

மீதியை நீங்கள் சொல்லிவிடுங்கள். உங்களை அவன் அம்மா கைகூப்பிக் கும்பிட்டதில்லை. சீக்கிரம். அவன் சோற்றுருண்டையைக் கிண்ணத்தில் தோய்த்துவிட்டான்.