வாசலில் அமைச்சர்

“ஊன்றுகோலோட அரண்மனைக்குள்ள வரக் கூடாதாம்மா. உனக்குப் பதிலா உன் தங்கச்சி போய் மரியாதைய வாங்கிக்கட்டும்,” என்றார் தாய்மாமன் ஒவுசு, தரையைப் பார்த்தபடி.

அதுவரை ஆட்டமும் பாட்டமுமாக இருந்த வீடு அடங்கிப்போனது. முற்றத்தில் ஃபுஃபு உருண்டைக்கு வேகவைத்த கிழங்கை இடித்துக்கொண்டிருந்தவர்களின் உலக்கைகூட நின்றுவிட்டது.

அபிராஃபி மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அமைச்சராகப் பதவியேற்றது அந்த வாரம்தான். அதற்கு மரியாதை செய்யத்தான் ஊர்த் தலைவரின் அரண்மனையில் அன்று விருந்து. போலியோவில் சூம்பிய காலோடு வளர்ந்தவள். ஊனமுள்ளவர் ஊர்த் தலைவர் முன்னால் நின்றால் முன்னோர்கள் கோபிப்பார்கள் என்பது கானா நாட்டில் குமாசி நகருக்கு அந்தப் பக்கம் உள்ள அந்த ஊரின் வழக்கம். கிழங்குத் திருவிழா தோறும் அவள் மதிலுக்கு வெளியே நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறாள்.

“அமைச்சரானாலும் வெளியதானா மாமா?”

“தலைவர் சொல்லி அனுப்பிட்டாரு. நான் என்ன செய்வேன்?”

தங்கை டுஃபுவா இடுப்பில் கை வைத்தாள். “நான் போறேன்க்கா. அப்படியே உன் காரையும் காவல்காரங்களையும் எனக்கே குடுத்துடு.”

அழுகை வர வேண்டிய நேரத்தில் அபிராஃபிக்குச் சிரிப்பு பொங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“வாசலோட நிக்கச் சொன்னாங்கல்ல? வாசல்லயே விருந்து வைப்போம். பானையத் தூக்குங்கடி!”

தெருவே திரண்டது. அரண்மனை வாசலில் பந்தல் முளைத்தது. பார்வையில்லாத அம்போமா கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு ஆடினான். காது கேளாததால் ஊமைப் பெண் என்று ஒதுக்கப்பட்ட யா பிராகோ, மேளத்தின் அதிர்வை உள்ளங்கையில் வாங்கி அடி பிசகாமல் ஆடினாள். உள்ளே விருந்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவி வெளியே வந்தார்கள். கடைசியில் தலைவரின் மேளக்காரர்களே மேளத்தோடு வந்து சேர்ந்தார்கள். அபிராஃபி ஒரு ஊன்றுகோலை மாமாவிடம் கொடுத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். மாமாவுக்கு வெட்கம் போய் இடுப்பு அசையத் தொடங்கியது.

வெயில் தாழ்ந்தபோது பெரிய கதவு திறந்தது. பட்டுக் குடையின் கீழே தலைவர் வந்தார். இரண்டு பேர் இருபுறமும் தாங்கிப் பிடிக்க, வீங்கிய முழங்காலை இழுத்து இழுத்து வந்தார். பல்லக்கில் மட்டுமே அவரைப் பார்த்திருந்த கூட்டம், அவர் வெளிச்சத்தில் நடந்து வருவதைப் பார்த்ததே இல்லை.

“அக்கா, இவரு இத்தன வருஷமா எப்படி உள்ள இருந்தாரு?” என்று டுஃபுவா கிசுகிசுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

தலைவர் தலைகுனிந்தார். அபிராஃபி தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்கய்யா. இங்க யாருக்கும் தடையில்ல.”