ஸ்வெட்டரில் ஒரு பச்சை இழை

அப்பாவின் ஸ்வெட்டரில் மூன்றாவது பித்தானைக் கழற்றும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். பழுப்புக் கம்பளியின் மேல் ஒரு பச்சை இழை, இமை முடி அளவுகூட இருக்காது. வேறு யாராக இருந்தாலும் தட்டிவிட்டிருப்பார்கள். தடயவியல் ஆய்வகத்தில் துணி இழைகளைப் பார்த்துப் பார்த்தே இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவள் இவள். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னடி?" என்றாள் அம்மா. மாற்றுச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் மருந்துக் கடைக்குப் போய்விட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பியவள், அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்ததைத் தூக்கம் என்று நினைத்து, சத்தம் வராமல் கால் மணி நேரம் பட்டாணி உரித்திருக்கிறாள். டாக்டர் வந்து உயிர் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயாயிற்று. ஐந்து மணிக்கு மயானத்துக்கு வண்டி வரும்.

"ஒண்ணுமில்லம்மா, தூசி."

"எங்கிட்டயேவா? அது அவன் போடற ஜாக்கெட் கலரு."

அவன் என்றால் தம்பி. பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். வெயிலோ மழையோ, கம்பெனி கொடுத்த பச்சைக் கம்பளி ஜாக்கெட்தான். அப்பாவோடு முட்டிக்கொண்டு போனவன் மூன்று வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. இன்று சேதி கேட்டு ஓடிவந்து, "காலையில பதினோரு மணிக்கு நான் வந்தேன், அப்பாவோட பேசினேன்" என்றான். ஒருவரும் நம்பவில்லை. "உசுரோட இருந்தப்போ எட்டிப் பார்க்கல, இப்போ வாய் மட்டும் நீளுதா?" என்று அத்தை அவனைக் கூடத்திலேயே நிறுத்திவிட்டாள். அண்ணனைப் பறிகொடுத்தவளை எதிர்த்துப் பேச யாருக்கும் தெம்பில்லை. அவன் இன்னும் இந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

"ஒரு நூலை வச்சே ஆளைப் பிடிக்கறவதானே நீ?" அம்மாவின் குரல் இறங்கியது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. வேன் சத்தம் கேட்டாலே அந்த மனுஷன் ஜன்னலைப் பார்ப்பாரு. அவனைப் பார்த்துட்டுப் போனாரா, பார்க்காமலேயே போயிட்டாரா?"

அவள் இழையை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அறைக்குள் வராதவனுடைய இழை அப்பாவின் மார்பில் இருக்கிறது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், தற்செயலாகத் தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். வெள்ளைத் துணியில் அங்கங்கே அதே பச்சை.

மதியம் வாசலில் வேனிலிருந்து இறங்கிய தம்பியை அவள்தான் கட்டிக்கொண்டு அழுதாள். அதே சட்டையோடு உள்ளே ஓடிவந்து அப்பாவின் மேல் விழுந்தாள். சந்தேகிக்கப்படுகிறவனின் துணியைத் தொட்டவர் அன்று முழுக்க இறந்தவரின் துணி பக்கமே போகக்கூடாது. ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லித்தரும் விதி இது. இந்தத் தப்பைச் செய்த ஒரு சக ஊழியரின் ஒரு மாத வேலையைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் தள்ளுபடி செய்தவள் அவள். இந்த இழையை அப்பாமேல் தம்பி விட்டானா, அவளே கொண்டுவந்து விட்டாளா? எந்த நுண்ணோக்கியாலும் சொல்ல முடியாது.

"கொஞ்சம் இரும்மா" என்று எழுந்து போனாள்.

தம்பி பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய பொய்கள் குடும்பத்தில் பிரசித்தம். ஏழு வயதில் மதிப்பெண் அட்டையைப் பூனை தின்றுவிட்டது என்று சாதித்தவன். அந்தப் பூனைக்கு வயிற்றுவலி என்று மறுநாள் லீவு வேறு கேட்டான். எந்தக் கதை விட்டாலும் அந்தக் கதையின் கடைசியில் அவன்தான் நல்ல பிள்ளை.

"நிஜமா வந்தியாடா?"

"நீயுமாக்கா?"

"சொல்லு."

"பார்சல் கொடுக்க இந்தப் பக்கம் வந்தேன். மணி அடிச்சேன். கதவைத் திறந்து, முடி வெட்ட மாட்டியா கழுதைன்னாரு. நாற்காலியில உட்கார்ந்ததும் என் ஜாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மூச்சு வாங்கிச்சுக்கா. இருடா, அம்மா வந்துடுவான்னாரு. எனக்கு அம்மா மூஞ்சியைப் பார்க்க பயம். வண்டி நடுரோட்டுல நிக்குதுன்னு சொல்லிட்டு, அவர் விரலைப் பிரிச்சு விட்டுட்டு ஓடிட்டேன். வண்டி ஒழுங்காத்தான் நின்னுச்சு."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது வருஷத்தில் இவன் சொல்லி, இவனே குற்றவாளியாக நிற்கும் கதையை அவள் கேட்டதில்லை. அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் இருந்தாள்.

"நூலை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. அவனைக் கட்டிக்கிட்டுட்டு அப்பாவைத் தொட்டேன், எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன். ஆனா அவன் வந்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் சொன்னான்."

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். மார்க் அட்டைக்காகப் பூனையின் வாயைப் பிளந்து சோதித்த மகள் இவள்.

"கூப்பிடு அவனை."

கூடத்தில் அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அம்மா கூப்பிடறாங்க" என்று அவள் சொன்னதும் வழிவிட்டாள். தம்பி நிலைப்படியிலேயே நின்றான்.

"நான் இல்லாத நேரம் அது" என்றாள் அம்மா. "என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னான். கழுதை என்ற இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கழுதைன்னா சொன்னாரு? அப்போ கோபம் போயிடுச்சு" என்றாள். ஜாக்கெட்டைப் பிடித்ததைச் சொன்னான். அதற்குமேல் போக முடியாமல் அக்காவைப் பார்த்தான். அதை அவன்தான் சொல்ல வேண்டும்.

"இருடா, அம்மா வந்துடுவான்னாரும்மா. நான் இருக்கல. கையை எடுத்துவிட்டுட்டுப் போயிட்டேன்."

அம்மா அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்க வந்து உட்காரு. மறுபடியும் சொல்லு, முதல்லேர்ந்து."

அவன் வந்து உட்கார்ந்தான். "மணி அடிச்சேன்" என்று ஆரம்பித்தான்.